தள்ளிப்போட்ட தீ

இந்த எபிசோடை ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு தேசியப் பூங்காவுக்குள், பூங்கா ஊழியர்களே பற்றவைத்த ஒரு தீயைப் பார்த்து நான் 911க்கு போன் போடப் பார்த்தேன். சிக்னல் கிடைக்காததால் மானம் தப்பியது.

நடந்தது இதுதான். என் அக்கா ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, அக்டோபர் மாதத்தில் ஒருநாள், ரெண்டு பேருமாக யோசெமிட்டி பூங்காவுக்குக் கிளம்பினோம். காரில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும், பைன் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகப் புகை. தரையோடு தரையாக ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஊர்ந்துகொண்டிருக்கிறது. காட்டுத்தீ என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது 2018 மார்ச்சில் நம்ம குரங்கணி. மலையேறப் போனவர்கள், பலரும் நம்ம வயசுக்காரர்கள். கை தானாக போனுக்குப் போய்விட்டது.

அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "திரும்பிப் போயிடலாம்டி" என்றாள். அப்போதுதான் ரோட்டோரத்தில் ஒரு பலகை கண்ணில் பட்டது. திட்டமிட்ட எரிப்பு நடக்கிறது, யாரும் புகார் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

திட்டமிட்டா? தேசியப் பூங்காவுக்குள்ளா? கொடைக்கானலில் ஒரு சிகரெட் துண்டைப் போட்டாலே திட்டு வாங்குகிற ஊரிலிருந்து வந்தவள் நான். காற்று அடிக்காத பக்கமாக வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்த கேள்விதான் இந்த எபிசோட். காட்டைக் காப்பாற்ற வேண்டியவர்களே காட்டுக்கு ஏன் தீ வைக்கிறார்கள்? அதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தரையில் ஊர்ந்த தீ

முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் சட்டை, பச்சை பேன்ட், தலையில் ஹெல்மெட். ஒரு குழு. அதில் சிலர் கையில் கெட்டில் மாதிரி ஒரு டப்பா. அதன் மூக்கிலிருந்து எரிகிற எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அதற்குப் பெயர் டிரிப் டார்ச். உள்ளே இருப்பது டீசலும் பெட்ரோலும் கலந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி, தரையில் தீ வைத்துக்கொண்டே நடக்கிறார்கள். யாரும் ஓடவில்லை. யாரும் கத்தவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு ரேஞ்சர், என்னை மாதிரி வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். காலையில் முதலில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் தீ வைத்துப் பார்ப்பார்களாம். அது எப்படி எரிகிறது, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, சரியாக இல்லையென்றால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான். வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம் மூன்றையும் நாள் முழுக்க அளந்துகொண்டே இருக்கிறார்கள். எந்த அளவுக்குள் இருந்தால் எரிக்கலாம், எதைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பது முன்பே எழுதி, கையெழுத்தாகி இருக்கும்.

எனக்குப் பிடித்த விஷயம், தீ வைக்கிற வரிசை. நான் நினைத்தது, சரிவின் அடியில் பற்றவைத்தால் தானாக மேலே ஏறிப் போகும் என்று. அப்படிச் செய்தால் தீ ஓட்டமெடுத்துவிடும். இவர்கள் சரிவின் மேல் ஓரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஒரு பட்டையளவு எரிந்து கருப்பானதும், அதற்குச் சில அடி கீழே அடுத்த பட்டை. அந்தத் தீ மேலே ஏறும்போது எதிரே ஏற்கெனவே எரிந்த கருப்பு மண்தான் இருக்கிறது. தின்ன எதுவும் இல்லாமல் அங்கேயே அடங்கிவிடுகிறது. இப்படியே பட்டை பட்டையாகக் கீழே இறங்குகிறார்கள். சுடர் பெரும்பாலும் என் முழங்கால் உயரம்கூட இல்லை. காய்ந்த பைன் ஊசிகள், சுள்ளிகள், சின்னப் புதர்கள் எரிகின்றன. பெரிய மரங்கள் அடிப்பட்டை கொஞ்சம் கருகி, அப்படியே நிற்கின்றன.

"இங்க இப்படி எரிக்க ஆரம்பிச்சு எவ்வளவு வருஷமாச்சு?" என்று கேட்டேன். "நாங்க எரிக்க ஆரம்பிச்சது 1970-ல. இந்த இடம் எரிய ஆரம்பிச்சு பல ஆயிரம் வருஷம்" என்றார் ரேஞ்சர். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ரெண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1851: தோட்டத்தைக் காடு என்று நினைத்தவர்கள்

1851 மார்ச். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சுரங்கக்காரர்களுக்கும் அங்கே வாழ்ந்துவந்த பழங்குடிகளுக்கும் மோதல். மாரிபோசா பட்டாலியன் என்ற ஆயுதப்படை, அவாநீச்சி மக்களைத் தேடி இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. அவர்களின் தலைவர் டெனாயா. படை அவர்களை விரட்டியது. வீடுகளையும், குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் கொளுத்தியது. அந்த ஓக் கொட்டைதான் அவர்களுக்கு அரிசி மாதிரி. பட்டினி போட்டு வெளியேற்றுவதுதான் திட்டம்.

படையோடு போன லஃபயெட் பன்னல் என்பவர் பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்து மெய்மறந்து, பின்னாளில் ஒரு புத்தகமே எழுதினார். அவர்கள் பார்த்தது அகலமான புல்வெளிகள், இடைவெளி விட்டு நிற்கும் பெரிய ஓக் மரங்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மறைக்காத காட்சி. இயற்கை தானாகவே வரைந்த ஓவியம் என்று வந்தவர்கள் எல்லாம் நினைத்தார்கள்.

அது தானாக வந்ததில்லை. அங்கே வாழ்ந்த மக்கள் அடிக்கடி, சின்னச் சின்னதாகத் தீ வைத்துக்கொண்டே இருந்தார்கள். காரணங்கள் ரொம்ப நடைமுறையானவை. கருப்பு ஓக் மரத்துக்கு வெயில் வேண்டும். பைன் கன்றுகள் வளர்ந்து மூடினால் ஓக் செத்துவிடும், சாப்பாடு போய்விடும். மரத்தடியில் விழுந்த புழு வைத்த கொட்டைகளை எரித்தால் அடுத்த வருஷம் புழு குறையும். எரிந்த இடத்தில் முளைக்கிற இளம்புல்லுக்கு மான் வரும். அப்புறம் கூடை. மிவோக் பெண்கள் பின்னுகிற கூடைகளுக்கு ரெட்பட் போன்ற புதர்ச்செடிகளின் நேரான, கிளை விடாத குச்சிகள் வேண்டும். பழைய செடியில் அது கிடைக்காது. எரித்துவிட்டால் அடியிலிருந்து புதுக் குச்சி நேராகக் கிளம்பும்.

ஆக, அந்தப் பள்ளத்தாக்கு ஒரு விதத்தில் பராமரிக்கப்பட்ட தோட்டம். தோட்டக்காரர்களைத் துரத்திவிட்டுத்தான் தோட்டத்தைப் பாதுகாக்க ஆரம்பித்தார்கள். 1850-லேயே கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. பெயர் என்னவோ இந்தியர்களைப் பாதுகாக்கும் சட்டம். அதற்குள் புல்வெளிக்குத் தீ வைப்பவர்களுக்கு அபராதமோ தண்டனையோ உண்டு என்று ஒரு பிரிவு. 1864-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்தில் பள்ளத்தாக்கும், மாரிபோசா தோப்பு என்ற செக்வோயா மரக்கூட்டமும் பாதுகாக்கப்பட்ட இடங்கள் ஆயின. 1890-ல் சுற்றியுள்ள பகுதி தேசியப் பூங்கா.

மாற்றத்தைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். கேலன் கிளார்க், பல வருஷம் அந்த இடத்தின் காப்பாளராக இருந்தவர். 1855-ல் தான் முதலில் வந்தபோது இருந்த திறந்த புல்வெளி, 1890களில் இருந்ததைப் போல நாலு மடங்காவது இருக்கும் என்று எழுதினார். பழங்குடிகள் வைத்த தீ நின்றதுதான் காரணம் என்றும் சொன்னார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொருவர் டோடூயா. தலைவர் டெனாயாவின் பேத்தி. துரத்தப்பட்டபோது சின்னப் பெண். 78 வருஷம் கழித்து, 1929-ல், பாட்டியாக அந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் அழகு என்று போட்டோ எடுக்கிற இடத்தைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார். ஒரே குப்பையாக இருக்கிறது, ஒரே புதராக இருக்கிறது என்றார். வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த சொந்த வீட்டைத் திறந்து பார்க்கிற ஒரு பாட்டி வேறென்ன சொல்வார்?

தீ எப்படி எதிரி ஆனது?

அப்போது அமெரிக்க வனத்துறை போய்க்கொண்டிருந்த பாதையே வேறு. அந்தப் பாதையின் ஒரு முனை நம்ம ஊர்ப் பக்கம் இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ. 1905-ல் பொறுப்பேற்றவர். இளைஞராக ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனபோது அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். இந்த பிராண்டிஸ்தான் பர்மாவில் தேக்குக் காடுகளை நிர்வகித்துவிட்டு, 1864-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் தலைமை வன ஆய்வாளர் ஆனவர். அந்தக் காலத்து ஐரோப்பிய வனவியலுக்குக் காடு என்பது மரக்கணக்கு. தீ என்பது நஷ்டக்கணக்கு. 1878-ன் இந்திய வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. காட்டுக்குள் வாழ்ந்தவர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது ஒரே நாளில் குற்றம்.

வேடிக்கை என்னவென்றால், தீயை விலக்கினால் தேக்கு சரியாக முளைப்பதில்லை என்று பர்மாவில் இருந்த வன அதிகாரிகள் சிலரே 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் இதே விவாதம் நடந்தது. கலிஃபோர்னியாவின் சில நில உரிமையாளர்கள், பழங்குடிகள் மாதிரி லேசாக எரிப்பதுதான் நல்லது என்றார்கள். அதற்கு எதிராளிகள் வைத்த கேலிப்பெயர், பையூட் வனவியல். பையூட் என்பது ஒரு பழங்குடியின் பெயர். இந்தியன் செய்வதெல்லாம் ஒரு வனவியலா என்கிற நக்கல்.

விவாதத்தை முடித்துவைத்தது 1910. ஆகஸ்ட் 20, 21 ஆகிய ரெண்டே நாளில் ஐடஹோ, மொன்டானா மலைகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 78 தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். அப்போது வனச் சேவைக்கு ஐந்து வயசு. அந்த அதிர்ச்சியிலிருந்து ஒரு தலைமுறை அதிகாரிகள் வெளியே வரவே இல்லை. 1935-ல் ஒரு விதி வந்தது. எங்கே தீ தெரிந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கியாக வேண்டும். 1944-ல் தொப்பி போட்ட ஸ்மோக்கி கரடி போஸ்டரில் வந்து, தீயைத் தடுக்கச் சொல்லிக் குழந்தைகளிடம் கேட்டுக்கொண்டது.

அவர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள். தீ நிஜமாகவே குறைந்தது. ஆனால் உதிர்கிற ஊசிகள் நிற்கவில்லை, விழுகிற சுள்ளிகள் நிற்கவில்லை. அணைத்த ஒவ்வொரு சின்னத் தீக்கும் உரிய விறகு, தரையிலேயே கிடந்து அடுத்த தீக்காகக் காத்திருந்தது.

முளைக்காத விதை

இதை மாற்றியதில் ஒரு மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. செக்வோயா. உலகத்தின் மிகப் பருமனான மரம். சில மரங்களுக்கு வயசு 3000 வருஷம். அடிமரப் பட்டை 60 சென்டிமீட்டர் வரை தடிமன் இருக்கும், எளிதில் தீப்பிடிக்காது. இப்படி ஒரு மரத்தைப் பாதுகாப்பதுதானே சுலபம்? தீயை விரட்டி, வேலி போட்டு, யாரும் வெட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்படித்தான் செய்தார்கள். 1960களில் பார்த்தால், பெரிய மரங்கள் பத்திரமாக இருக்கின்றன, கன்றுகளைத்தான் காணோம்.

ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். செக்வோயாவின் காய் 20 வருஷம் வரைகூட பச்சையாக மூடியபடி மரத்திலேயே இருக்கும். கீழே எரிகிற தீயின் சூடு மேலே எழும்பி அதைக் காயவைத்தால்தான் மொத்தமாகத் திறந்து விதை கொட்டும். விதை ரொம்பச் சின்னது, ஒரு கிலோவில் சுமார் 2 லட்சம் இருக்கும். அவ்வளவு சின்ன விதை, அரை அடிச் சருகுமேல் விழுந்தால் மண்ணைத் தொடாமலே காய்ந்துபோகும். அதற்கு வெறும் மண் வேண்டும், சாம்பல் வேண்டும், வெயில் வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுப்பது தீ. மரத்தின் பழைய காயங்களை வளையம் வளையமாக எண்ணிப் பார்த்ததில், இந்தத் தோப்புகளில் சில வருஷங்களுக்கு ஒருமுறை சின்னத் தீ வந்துபோயிருப்பது தெரிந்தது. நூறு வருஷமாக அது மட்டும் இல்லை. காப்பாற்றுகிறோம் என்று நினைத்து மரத்தின் பிள்ளைப்பேற்றை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ஹரால்ட் பிஸ்வெல், பெர்க்லி பேராசிரியர். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் விவசாயிகள் பைன் காடுகளை வருஷா வருஷம் லேசாக எரிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 1947-ல் கலிஃபோர்னியாவுக்கு வந்து அதையே செய்து காட்டினார். சக வனவியலாளர்கள் ஹாரி தி டார்ச் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் செய்த ஒரு நல்ல காரியம், மக்களைக் கூட்டிவந்து கிட்டே நிறுத்தி வேடிக்கை பார்க்க வைத்தது. தீயைப் பற்றிப் பேசிப் புரியவைக்க முடியாது, பார்த்தால்தான் பயம் தெளியும் என்பது அவர் எண்ணம். என் விஷயத்தில் அது சரிதான்.

1963-ல் ஸ்டார்க்கர் லியோபோல்ட் தலைமையிலான குழு, பூங்காக்களில் தீயை முற்றிலும் விலக்கியது தப்பு என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 1968-ல் தேசியப் பூங்காச் சேவை கொள்கையை மாற்றியது. 1970-ல் யோசெமிட்டியில் திட்டமிட்ட எரிப்பு ஆரம்பம். அடுத்த வருஷம் மாரிபோசா தோப்பில்.

இந்த இடத்தில் ஒரு தேதி எனக்கு உறுத்துகிறது. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த பழங்குடிக் குடும்பங்களைப் பூங்கா நிர்வாகம் 1930களில் ஒரு புதுக் குடியிருப்புக்கு மாற்றியது. பூங்காவில் நிரந்தர வேலை இருக்கிறவர்கள் மட்டும்தான் தங்கலாம் என்று பிறகு விதி போட்டார்கள். வீடு காலியாகக் காலியாக இடித்துக்கொண்டே வந்தார்கள். மிச்சமிருந்த வீடுகளை 1969-ல் கொளுத்தினார்கள். எதற்கு? தீயணைப்புப் பயிற்சிக்கு. அதற்கு அடுத்த வருஷம்தான், இந்த மண்ணுக்குத் தீ வேண்டும் என்று விஞ்ஞானம் சொல்கிறது என டிரிப் டார்ச்சைக் கையில் எடுத்தார்கள்.

தப்பிப் போன தீக்கள்

சரி, இதைக் கேட்டுவிட்டு எரிப்பது நல்லது, எரிக்காதவர்கள் முட்டாள்கள் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2000 மே 4-ம் தேதி, நியூ மெக்ஸிகோவில் பேண்டலியர் என்ற பூங்கா நிலத்தில் ஊழியர்கள் திட்டமிட்டு ஒரு தீ வைத்தார்கள். காற்று மாறியது. தீ கைமீறி லாஸ் அலமோஸ் நகரத்துக்குள் நுழைந்தது. 400க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு இழந்தன. 2022-ல் அதே மாநிலத்தில் வனச் சேவை வைத்த ரெண்டு தீக்கள் தப்பி ஒன்றுசேர்ந்து 3 லட்சத்து 41 ஆயிரம் ஏக்கரை எரித்தன. அதில் ஒன்று ஜனவரியில் எரித்த விறகுக்குவியல். பனி விழுந்து மூடியும், அடியில் கனன்றுகொண்டே இருந்து, ஏப்ரலில் காற்று வந்ததும் எழுந்து வந்தது.

இப்படிக் கைமீறுவது நூற்றில் ஒன்றுகூட இல்லை என்று வனச் சேவை சொல்கிறது. வீடு போனவரிடம் அந்தச் சதவீதத்தைச் சொல்லிப் பாருங்கள். அதனால்தான் காலநிலை கொஞ்சம் சரியில்லை என்றாலும் எரிப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். எரித்துத் தப்பாகப் போனால் கையெழுத்துப் போட்ட அதிகாரிமேல் விசாரணை. எரிக்காமல் விட்டு இருபது வருஷம் கழித்து மொத்தக் காடும் போனால், அது இயற்கைச் சீற்றம். யார் மேலும் பழி இல்லை. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

தள்ளிப்போட்டதன் விலை 2020-ல் தெரிந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 9-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ வானம் பகலிலேயே ஆரஞ்சாக மாறியதைப் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். அக்கா அன்றைக்கு வீடியோ காலில் ஜன்னலைக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. கதவிடுக்கில் ஈரத்துண்டு வைத்து, இன்ஹேலரை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரே வருஷத்தில் கலிஃபோர்னியாவில் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 1800க்கு முன்பு அங்கே சாதாரண வருஷத்திலேயே ஏறக்குறைய அவ்வளவு எரிந்திருக்கும் என்று 2007-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருந்தது. ஏக்கர் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்போது பெரும்பாலும் முழங்கால் உயரத்தில் எரிந்தது, இப்போது மர உச்சியில் எரிகிறது. தீயில்லாத காலத்தில் அடர்ந்து வளர்ந்த ஃபிர் மரங்கள், தரைத்தீ உச்சிக்கு ஏற ஏணி போட்டுக் கொடுத்தன. 3000 வருஷம் தாக்குப்பிடித்த செக்வோயாக்களால் இதைத் தாங்க முடியவில்லை. 2020-ன் காஸல் தீ ஒன்றில் மட்டும் உலகத்தின் பெரிய செக்வோயாக்களில் 10 முதல் 14 சதவீதம் வரை செத்திருக்கும் என்கிறது பூங்காச் சேவையின் மதிப்பீடு.

2022 ஜூலை 7-ம் தேதி பரீட்சை யோசெமிட்டிக்கு வந்தது. மாரிபோசா தோப்பின் ஓரத்திலேயே தீ. 500க்கும் மேற்பட்ட முதிர்ந்த செக்வோயாக்கள் இருக்கிற தோப்பு. கிரிஸ்லி ஜயன்ட் என்ற மூத்த மரத்தைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பான்கள் வைத்தார்கள். செய்தியில் பார்த்தவர்கள் மரம் போச்சு என்றே நினைத்தார்கள். ஆனால் ஐம்பது வருஷமாக அங்கே கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவந்திருக்கிறார்கள் இல்லையா? தோப்புக்குள் வந்த தீக்குத் தின்ன அதிகம் கிடைக்கவில்லை. உச்சியிலிருந்து இறங்கித் தரையில் ஊர்ந்தது. பெயர் பெற்ற பெரிய மரங்கள் எல்லாம் இன்றும் நிற்கின்றன.

டார்ச் யார் கையில்?

எனக்கு இந்தக் கதை வெற்றியில் முடியவில்லை. தீயை விலக்கியது தப்பு என்று ஒத்துக்கொண்டாகிவிட்டது. தீ வைத்தவர்களை விலக்கியதைப் பற்றி? 2018-ல், தெற்கு சியரா மிவோக் மக்கள் தங்கள் பழைய குடியிருப்பு இருந்த இடத்தில் வட்ட வீட்டைத் திரும்பக் கட்டவும், சடங்குகள் நடத்தவும் பூங்கா நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. அது ஒரு தொடக்கம்தான்.

இது அமெரிக்கக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம்ம சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கிற பிலிகிரிரங்கன் மலைக்குப் போனால் சோளகர்கள் இதையே சொல்வார்கள். கோடையின் முன்பகுதியிலேயே சருகுகளை லேசாக எரிக்கிற அவர்கள் வழக்கம், 1974-ல் சரணாலயம் வந்தபிறகு நின்றுபோனது. இப்போது அந்தக் காட்டின் அடித்தளம் எங்கும் உண்ணிச்செடி. தீ நின்றதால்தான் இது இப்படிப் பரவியது என்பது அவர்கள் வாதம். கேட்க வேண்டியவர்கள் கேட்கிறார்களா என்பது வேறு விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது எரிப்பு முடிந்திருந்தது. குழுவில் ஒருவர் கருப்பான தரையில் குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. இன்னும் சூடு இருந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கிளறினார். மறுநாளும் அதற்கடுத்த நாட்களும் யாராவது வந்து இப்படிப் பார்ப்பார்களாம்.

அக்கா கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி மோந்து பார்த்தாள். "2020-ல ஒரு மாசம் இருந்த புகைக்கு இது எவ்வளவோ தேவலை" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா இந்தப் புகையும் என் நெஞ்சுக்குள்ளதானே போகுது. என்னைக் கேட்டா வெச்சாங்க?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளைக் கேட்டு வைக்கவில்லை, உண்மைதான். 1851-ல் டோடூயாவைக் கேட்டு நிறுத்தவும் இல்லை. அந்த ரெண்டு கேள்விகளையும் நானும் கூடவே எடுத்துக்கொண்டுதான் சென்னைக்கு வந்தேன். உங்களிடமும் விட்டுச்செல்கிறேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.